அம்மம்மாவின் பிரஷர் மெசினில் மகன் கை விட்ட நாள்

திருகோணமலையில் எங்கள் வீட்டில் பிரஷர் பார்க்கும் மெசின் ஒன்று இருக்கிறது, மாமிக்காக, அதாவது மனைவியின் அம்மாவுக்காக, வாங்கியது. மாமி பத்து வருடமாகப் பிரஷர் குளிசை போடுபவர், காலையும் மாலையும் அளந்து கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். 2024 மே மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம், அவர் அளந்து முடித்துப் பட்டியைக் கழற்றி வைத்த கையோடு மகன் அதை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டு பொத்தானை அமத்தினான். சும்மா விளையாட்டுக்குத்தான். 146/91 என்று காட்டியது. "அம்மம்மா, நான் உங்களை வென்றிட்டன்!" என்று கத்தினான். மாமிக்கு அன்றைக்கு 138. அவனுக்கு வயது 13.

மெசின் பழுதாகிவிட்டது என்றேன். என் கையில் போட்டுப் பார்த்தேன், 124/80. அப்போ மெசின் பழுதில்லை. மனைவி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள். அவளுடைய அப்பா பாரிசவாதத்தில் விழுந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவர், அந்த மனுசனின் பிரஷரையும் முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த நாளே பக்கத்திலிருந்த ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் நல்ல சனம், மகன் படியேறி வந்த மூச்சு அடங்கவில்லை, "சின்னப் பிள்ளைதானே" என்று சின்னப் பிள்ளைகளுக்கான பட்டியையே இழுத்துப் பிடித்துக் கட்டினார்கள். 150/92. சாப்பாட்டைக் குறை, இல்லாவிட்டால் குளிசைதான் என்று அவனுக்கு ஒரு ஏச்சும் கிடைத்தது. ஓட்டோவில் வரும்போது அவன் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான்: "அப்பா, எனக்கும் தாத்தா மாதிரி வாய் கோணிப் போகுமா?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் பிறகு நான் செய்த பல அவசரப் பிழைகளுக்கும் காரணம், அதைக் கீழே சொல்கிறேன்.

பிறகு பிள்ளைகளுக்கான கிளினிக்குக்குப் போனோம். அங்கே நேர்ஸ் மிஸ் முதலில் செய்த வேலை, தையற்காரர் போல ஒரு அளவு நாடாவை எடுத்து அவன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளந்தது. 29 சென்ரிமீற்றர். பெரிய ஆட்களுக்கான பட்டியை எடுத்தார். நான் வாய் திறக்க முன்னமே, "வயதைப் பார்த்துப் பட்டி எடுக்கிறதில்லை, கையைப் பார்த்துத்தான்" என்றார். பட்டிக்குள் இருக்கும் காற்றுப் பை கையின் சுற்றளவில் குறைந்தது 80 வீதத்தையாவது மூட வேண்டுமாம், சின்னப் பட்டியைப் பெரிய கையில் கட்டினால் பிரஷர் இல்லாததையும் கூட்டிக் காட்டும். சலம் முட்டிக்கொண்டு இருந்தால் போய்விட்டு வரச் சொன்னார். அப்புறம் கதிரையில் முதுகு சாய்த்து, கால் பின்னாமல், பாதம் நிலத்தில் பட, கதைக்காமல் ஐந்து நிமிடம் இருத்திவிட்டு வலது கையில் அளந்தார். 134/82.

குறைந்துவிட்டதென்று நான் சந்தோசப்பட்டேன். டொக்டர் சந்தோசப்படவில்லை. இன்னும் இரண்டு தரம், வேறு வேறு நாட்களில் வரச் சொன்னார், ஒரு நாள் அளவை வைத்துப் பிள்ளைக்குப் பிரஷர் என்று முத்திரை குத்துவதில்லையாம். போனோம். 132/82, 136/80. அமெரிக்க வழிகாட்டிப்படி 13 வயதிலிருந்து கணக்கு பெரியவர்களைப் போலத்தான்: 120/80க்குக் கீழே நல்லது, மேல் எண் 120க்கும் 129க்கும் இடையில் நின்று கீழ் எண் 80க்குக் குறைவாக இருந்தால் கவனம், 130/80 தொட்டால் உயர் இரத்த அழுத்தத்தின் முதல் கட்டம், 140/90 தொட்டால் இரண்டாம் கட்டம். 13க்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. வயது, ஆணா பெண்ணா, உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். ஏழு வயதுப் பையனுக்கு 118 வந்தால் நாங்கள் "நல்ல பிரஷர்" என்போம், அந்த வயதுக்கு அது கூட. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2017ம் ஆண்டு வழிகாட்டி மூன்று வயதிலிருந்தே வருடம் ஒரு தரம் அளக்கச் சொல்கிறது. எங்கள் வீட்டில் 13 வருடத்தில் ஒரு தரமும் அளக்கவில்லை. மெசின் மேசையில் இருந்தும்.

சலம், இரத்தம் எல்லாம் பார்த்தார்கள். தொடைச் சந்தில் நாடி பார்த்தார், காலிலும் பிரஷர் அளந்தார், இரவில் குறட்டை விடுவானா என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் பிரஷர் ஏறினால் சிறுநீரகத்திலோ இருதயத்திலிருந்து வரும் பெரிய நாடியிலோ குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் ஆறு வயதுக்குக் கீழே என்றால் கட்டாயம். அவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நிறை கூட, தாத்தா வழியில் பிரஷர், உடம்பு அசைவதில்லை. குளிசை வேண்டாம், ஆறு மாதம் பார்ப்போம் என்றார்.

நான் சாப்பாட்டுப் பட்டியல் ஒன்று தருவார் என்று பேனையும் கையுமாக இருந்தேன். அவர் மகனிடம் கேட்டார்: "நேற்று நீ எத்தனை மணித்தியாலம் இருந்தனி?" அவனுக்கு விளங்கவில்லை. "கதிரையில, கட்டிலில, பள்ளிக்கூட வானில... குண்டி தரையில பட்டு எத்தனை மணித்தியாலம்?" மகன் சிரித்துவிட்டான். டிஸ்பென்சரி ஏச்சுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து அவனும் நானும் கொப்பியில் எழுதினோம். பள்ளிக்கூட வான் போக வர ஒன்றேகால் மணித்தியாலம், தூரம் சின்னதுதான், ஆனால் ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும். பள்ளிக்கூடத்தில் ஐந்தரை. ரியூசன் இரண்டரை. வீட்டுப்பாடம் இரண்டு. சாப்பிடுவது, அது இது என்று ஒன்று. போனும் ரி.வி.யும் ஒன்றரை, அதையும் அவன் அரை மணித்தியாலம் குறைத்துத்தான் சொல்லியிருப்பான். கூட்டினால் 13ஐத் தாண்டுகிறது. மிச்சத்தில் பெரும்பங்கு நித்திரை. அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எந்த நேரமும் போனோடு கிடக்கிறான், சோம்பேறி என்று நான் வருடக்கணக்காக ஏசிய பிள்ளை, தானாக விரும்பி இருந்தது இரண்டு மணித்தியாலம். மற்றதெல்லாம் நாங்கள் காசு கட்டி இருத்தியது.

சரி, எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்று யோசித்தேன். எங்கள் காலத்தில் பிரச்சினை, ஊரடங்கு, சுற்றிவளைப்பு எல்லாம் இருந்தும் ஐந்தரை வரை கடற்கரை மணலில் பந்தடித்துவிட்டு இருட்ட முன் வீட்டுக்குள் ஓடி வருவோம். இப்போது ஊரடங்கும் இல்லை, பயம் மட்டும் போகவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு மாமிக்குக் கடல் என்றாலே ஆகாது. 2020ல் பள்ளிக்கூடங்களை மூடி வகுப்பெல்லாம் போனுக்குள் வந்தபோது நாங்களே அவன் கையில் போனைக் கொடுத்தோம். ஆனால் 2022 வேறு மாதிரி. பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த மாதங்களில் திருகோணமலை முழுக்கச் சைக்கிள்தான், நானே கந்தோருக்குச் சைக்கிளில் போனேன், மகனும் எங்கும் சைக்கிளில்தான் போய் வந்தான், 11 வயது. படத்தை எடுத்துப் பார்த்தால் ஒல்லிப் பிள்ளை. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து அது சீராகக் கிடைத்ததும் சைக்கிள் பின்வளவில் பலா மரத்தடிக்குப் போனது, அவன் வானுக்குள் போனான். நாட்டுக்குக் கஷ்டம் வந்த நேரத்தில்தான் என் பிள்ளை நன்றாக இருந்தான் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இனி என் பிழைகள். முதல் பிழை, அடுத்த நாளே காலை ஐந்து மணிக்கு எழுப்பிக் கோணேசர் கோயிலுக்கு நடத்திக்கொண்டு போனது. கோட்டை வாசலைத் தாண்டி மான்கள் படுத்திருக்கும் அந்த ஏற்றம், காற்று, இரண்டு பக்கமும் கடல், எனக்கு அது சொர்க்கம். அவனுக்குத் தண்டனை. "வேகமா நட, உன்ர நன்மைக்குத்தான்" என்று வழி முழுக்க நான் சொல்லிக்கொண்டு வந்தால் எந்தப் பிள்ளைக்கு அது பிடிக்கும்? ஒன்பதாம் நாள் வயிற்றுக்குத்து என்று படுத்துவிட்டான். நித்திரையும் கெட்டது. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் நித்திரை வேண்டும், நானோ அதை வெட்டி நடையில் போட்டேன்.

இரண்டாவது, பந்தடி சப்பாத்து வாங்கிக் கொடுத்து ஒரு பயிற்சியில் சேர்த்தது. திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் கால்பந்து இரத்தத்தில் இருக்கிறது என்பார்கள், அவன் வயதுப் பையன்கள் அங்கே மான் மாதிரி ஓடுகிறார்கள். இவனை "நீ கோலுக்கு நில்" என்று நிறுத்தினார்கள். ஒன்றரை மணித்தியாலப் பயிற்சியில் இவன் அசைந்தது பத்து நிமிடம் வராது. ஒருத்தன் "குண்டன்" என்றானாம். சப்பாத்து இன்னும் புதிது போல இருக்கிறது, யாருக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்கில் இதைச் சொன்னபோது டொக்டர் சொன்னது எனக்குப் பெரிய உதவி. விளையாட்டு வீரன் ஆக்கச் சொல்லவில்லை என்றார். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்க அசைய வேண்டும், அதில் கிழமைக்கு மூன்று நாளாவது நன்றாக இளைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது. அந்த 60ஐ ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை, பிய்த்துப் பிய்த்துச் சேர்க்கலாம். மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க ஒரு சுகமான வழி: அசையும்போது கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அப்புறம் இன்னொன்று, சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் விளையாடிவிட்டால் மற்ற நாள் இருந்த இருப்பு கழியாது, இருப்பையும் தனியாகக் குறைக்க வேண்டும். ஓடும் நேரத்தில் பிரஷர் ஏறத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம், கிழமைக் கணக்கில் ஓடி ஓடி இரத்தக் குழாய்கள் இளகப் பழகினால் சும்மா இருக்கும் நேரத்து அளவு இறங்கும் என்றார். (140/90க்கு மேலே நிற்கிற பிள்ளை என்றால் போட்டி விளையாட்டு, பாரம் தூக்குவது எல்லாம் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். எங்களுக்கு அந்தத் தடை இருக்கவில்லை.)

பலா மரத்தடிச் சைக்கிளை எடுத்தேன். சங்கிலி, இரண்டு ரியூப், பிரேக் கட்டை, சீற்றை உயர்த்தினேன், ஒரு ஹெல்மெட். ரியூசனுக்கு இனி ஓட்டோ இல்லை. நாங்கள் இருப்பது உவர்மலையில், ரியூசன் கீழே ரவுணில், போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். முதல் மாதம் ஏற்றத்தில் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து வருவான், மாமி வாசலில் நின்று என்னைத் திட்டுவார். எந்த இடத்தில் இறங்குகிறான் என்பதை அவனே கணக்கு வைத்தான்: இன்றைக்கு லைற் போஸ்ற் வரை, இன்றைக்கு மதில் வரை. நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எனக்குப் பெரிய பாடு. ஆவணி கடைசியில் ஒரு நாள் வந்து சைக்கிளைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே "இறங்கேல்ல" என்றான்.

ஆனால் உண்மையான சண்டை ரியூசனை வைத்துத்தான். ஐந்து பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான், இரண்டை நிறுத்த வேண்டும் என்றேன். "ஓ எல் சோதனைக்கு இன்னும் மூன்று வருசம்தான் இருக்கு, தெரியுமா?" என்றாள் மனைவி. கோபத்தில் இல்லை, அழுகையில். பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் "பிள்ளையை ரியூசனால நிப்பாட்டிட்டீங்களாமே" என்று கேட்டது வேறு. இரண்டு கிழமை வீட்டில் கதை பேச்சில்லை. கடைசியில் தமிழையும் வரலாற்றையும் நிறுத்தினோம், அவை இரண்டையும் மனைவியே சொல்லிக்கொடுக்கிறாள். அந்த இரண்டு பின்னேரமும் அவனுடையவை, எங்கே போவது என்பது அவன் முடிவு. ஒழுங்கைப் பையன்களோடு டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போகத் தொடங்கினான், இரண்டு செருப்பை வைத்துக் கோல் போஸ்ற், ஐந்து பேர் ஒரு பக்கம் ஐந்து பேர் மறுபக்கம், எல்லாரும் ஓட வேண்டும், கோலுக்கு யாரும் நிரந்தரமாக நிற்பதில்லை. மணலில் ஓடினால் கால் இழுக்கும், அரை மணித்தியாலத்தில் நாக்குத் தள்ளும். தவணைப் பரீட்சையில் கணிதம் 71லிருந்து 68க்கு வந்தது. வரலாறு நான்கு புள்ளி கூடியது. இதை வைத்து நான் ஒன்றும் நிறுவ வரவில்லை.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் நாலு மணிக்கு வெளியே விட்டால் பிள்ளை வாடிவிடும், ஐந்துக்குப் பிறகுதான், போத்தல் தண்ணீரோடு. (கச்சான் என்றால் எங்கள் ஊரில் காற்றும்தான் கடலையும்தான். உப்புப் போடாமல் வறுத்த கச்சான்தான் இப்போது மிக்சருக்குப் பதில்.) கார்த்திகையில் வாடை மழை தொடங்கினால் கடற்கரை சரிவராது, கடலும் பொல்லாதது. அப்போது விறாந்தையில் கயிறடித்தோம். அவன் 40 அடிப்பதற்குள் நான் 12ல் நின்றேன். எனக்குக் கந்தோரில் எட்டு மணித்தியாலக் கதிரை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குள்ளே செய்தது சின்னச் சின்ன வேலைதான். வீட்டுப்பாடத்தில் ஒரு பாடம் முடிந்தால் எழும்ப வேண்டும், எழும்பிச் சும்மா நின்றால் போனைத் தேடுவான், அதனால் மாமியின் கத்தரிக் கன்றுகளுக்குக் கிணற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர். கடைக்குப் போவது அவன் பொறுப்பு, நடந்து. இரவு ஒன்பதுக்குப் பிறகு போன்கள் எல்லாம் ஹோலில் சார்ஜில், என்னுடையதும். என்னுடையதை வைக்காமல் அவனுடையதை மட்டும் வாங்கிய மூன்று நாளும் வீட்டில் யுத்தம்.

உப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் மாமி கோபிப்பார். பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அதற்குள்தான் நிற்கச் சொல்கிறார்கள், பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. எங்கள் வீட்டில் காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, பின்னேரம் ரோல்ஸ் அல்லது மிக்சர், சில இரவில் நூடில்ஸ். கறிக்குப் போடும் உப்பை மட்டும் குறைத்து ஒரு மாதம் ஏமாந்தோம். பாணில் இருக்கும் உப்பை யார் நினைக்கிறோம்? பைக்கற் சாமான்களில் இப்போது சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் இருக்கின்றன, உப்புக்கு எதிரே சிவப்பு இருந்தால் திரும்ப வைத்துவிடும் வேலையை மகனிடம் கொடுத்தேன், கடைக்குப் போவது அவன்தானே. நூடில்ஸை அடியோடு நிறுத்தவில்லை, மாதம் ஒரு தரம், தூள் பைக்கற்றில் பாதி. கருவாட்டை ஊற வைத்துத் தண்ணீர் மாற்றிச் சமைக்கிறோம். சம்பலில் தேசிக்காய் கூட. இரண்டு மூன்று கிழமையில் நாக்கு பழகிவிட்டது, எங்களுக்கு. மாமி தலையணைக்குப் பக்கத்தில் ஊறுகாய்ப் போத்தல் வைத்திருக்கிறார் என்பதை மகன்தான் கண்டுபிடித்தான். அவருடைய 138 அப்படியே நிற்கிறது.

நிறையை நாங்கள் அளப்பதில்லை, அது கிளினிக்கில் மட்டும். ஆறு மாதத்தில் நிறை குறையவே இல்லை, ஆனால் நான்கு சென்ரிமீற்றர் வளர்ந்திருந்தான், வளரும் பிள்ளைக்கு அதுவே காணும் என்றார் டொக்டர். பிரஷர் 126/78. வீட்டில் நாங்கள் கிழமைக்கு ஒரு நாள் மட்டும், முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் இருத்தி, இரண்டு தரம் அளந்து இரண்டையும் எழுதுகிறோம். முதலில் தினமும் அளந்தோம், அவன் முகம் வெளிறத் தொடங்கியது, எண்ணும் ஏறியது. பயத்துக்கும் ஏறும் சாமான் அது.

கடைசியாகப் போன கிளினிக்கில் 122/76. இன்னும் கவனப் பட்டியலில்தான், வெளியே வரவில்லை. தாத்தா மாதிரி ஆகுமா என்ற கேள்விக்கு டொக்டரிடமே அவன் நேரே பதில் கேட்டான், நான் வெளியே நிற்க வேண்டுமாம். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. போன ஞாயிறு ஒழுங்கைப் பையன்களோடு கன்னியா வெந்நீரூற்றுக்குச் சைக்கிளில் போய் வந்தான், வரும் வழியில் பின் சில்லு காற்றுப் போய்விட்டதாம், மூன்று கிலோமீற்றர் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வந்து படியில் இருந்தவனுக்குப் பக்கத்தில் மாமி மெசினோடு போய் நின்றார். "இப்ப வேண்டாம் அம்மம்மா, ஐந்து நிமிசம் இருந்திட்டு" என்றான்.